குழந்தைகளுக்கு உணவுக்குழாய் அலர்ஜி: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குழந்தைகளுக்கான குடல்நோய்ப் பிரிவில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். 'இயோசினோஃபிலிக் ஈசோஃபஜைட்டிஸ்' என்று எழுதிய தாளோடு டாக்டர் அறையிலிருந்து வெளியே வரும் பெற்றோர் அடுத்து என்னிடம்தான் வருவார்கள். கேட்பதும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். மருந்தின் அளவு எதையும் எழுதவில்லை. அது பிள்ளையின் வயதையும் எடையையும் பார்த்து டாக்டர் முடிவு செய்ய வேண்டியது. நோயின் பெயர் நீளம் என்பதால் இனி ஈஓஈ என்றே சொல்கிறேன்.

1. உணவுக்குழாயில அலர்ஜின்னு சொல்றாங்க. அலர்ஜி தோல்லயும் மூக்குலயும்தானே வரும்?

உணவுக்குழாயிலும் வரும். வாயிலிருந்து இரைப்பைக்குச் சாப்பாட்டைக் கொண்டுபோகும் அந்தக் குழாயின் உள்சவ்வில் இயோசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் கூட்டமாகச் சேர்ந்து அழற்சியை உண்டாக்குவதுதான் ஈஓஈ. வயிற்றிலும் குடலிலும் இந்த அணுக்கள் கொஞ்சம் இருப்பது இயல்பு. உணவுக்குழாய் நலமாக இருந்தால் அங்கே இவை தங்குவதில்லை.

தூண்டிவிடுவது பெரும்பாலும் உணவிலுள்ள புரதம். பட்டியலில் பசும்பால் முதலிடம். கோதுமை, முட்டை, சோயா எல்லாம் அதற்குப் பின்னால். வேர்க்கடலை சாப்பிட்ட சில நிமிடங்களில் உதடு வீங்குவது போன்ற அலர்ஜி வேறு. இது நாட்கணக்கில், வாரக்கணக்கில் மெதுவாக ஏறுகிற அழற்சி. அதனால்தான் 'இன்றைக்கு இதைச் சாப்பிட்டான், இன்றைக்கே வாந்தி எடுத்தான்' என்று வீட்டில் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடிவதில்லை.

2. இது அசிடிட்டிதானே? அமிலத்துக்கு மருந்து கொடுத்தா போதாதா?

வெளியே தெரிகிற தொந்தரவு இரண்டிலும் ஒன்று போலத்தான் இருக்கும்: வாந்தி, நெஞ்செரிச்சல், மேல்வயிற்று வலி. 1990-கள் வரை மருத்துவர்களும் இந்த அணுக்களைப் பார்த்தால் அமிலம் மேலே எதுக்களித்து வந்ததன் விளைவு என்றே எடுத்துக்கொண்டார்கள். 1995-இல் வெளியான ஓர் ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது. எதுக்களிப்பு சிகிச்சை எதற்கும் அடங்காத 10 குழந்தைகளுக்கு வழக்கமான உணவை நிறுத்தி, முழுப் புரதமே இல்லாத அமினோ அமில ஃபார்முலாவை மட்டும் கொடுத்தார்கள். 8 பேருக்குத் தொந்தரவு முழுக்கப் போனது, மற்ற இருவருக்குக் குறைந்தது. காரணம் அமிலம் இல்லை, உணவு என்பது அப்போது தெளிவானது.

ஆனால் அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் வகை மருந்துகளை இதற்கு ஆகாது என்று ஒதுக்கவும் முடியாது. ஈஓஈ உள்ள பிள்ளைகளில் சுமார் 40 முதல் 50 சதவீதம் பேருக்கு அந்த மருந்தே அழற்சியை அடக்கிவிடுகிறது. அமிலத்தைக் குறைப்பதோடு, இயோசினோஃபில்களை உணவுக்குழாய்க்கு வரவழைக்கும் ஒரு புரதத்தையும் அது மட்டுப்படுத்துகிறது. அதனால் 'அமில மருந்துதானே கொடுத்திருக்காங்க, அப்போ இது அசிடிட்டிதான்' என்று முடிவுகட்டி, பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.

3. சாப்பிட ஒரு மணி நேரம் ஆக்குறான். அடமா, நோயா? எப்படித் தெரிஞ்சுக்கிறது?

பெற்றோர் தவறவிடுவதும் டாக்டர்கள் கேட்க மறப்பதும் இந்த இடத்தில்தான். வயதுக்கு வயது அறிகுறி மாறும். கைக்குழந்தை பால் குடிக்க மறுக்கும், முதுகை வளைத்து அழும், எடை ஏறாது. இரண்டு மூன்று வயதில் கெட்டியான உணவைத் துப்பும். பள்ளி வயதில் வயிற்று வலி, அவ்வப்போது வாந்தி. பதின்வயதில்தான் 'நெஞ்சில் அடைக்கிறது' என்று வாய்விட்டுச் சொல்லும்.

அதற்கு முன்பே பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த வழியில் சமாளிக்கக் கற்றுவிடுகிறார்கள். ஒரு மதிய வேளையில் பிள்ளையின் எதிரே உட்கார்ந்து கவனியுங்கள். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கிறதா? ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டு நடுவை மட்டும் தின்கிறதா, அதையும் சூப்பில் ஊறவைத்தா? இறைச்சித் துண்டை மென்று மென்று கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, யாரும் பார்க்காதபோது துப்புகிறதா? மாத்திரை என்றால் ஓடுகிறதா? எல்லாரும் எழுந்து கைகழுவிய பிறகும் தட்டில் பாதி அப்படியே இருக்கிறதா? இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து, மாதக்கணக்கில் நீடித்தால் டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். 'விழுங்கக் கஷ்டமா இருக்கா?' என்று பிள்ளையைக் கேட்டால் பெரும்பாலும் 'இல்லை' என்றுதான் வரும். பிறந்ததிலிருந்து அப்படியே விழுங்கிப் பழகிய பிள்ளைக்கு, மற்றவர்கள் எல்லாரும் சுலபமாக விழுங்குகிறார்கள் என்பது எப்படித் தெரியும்?

அடம் பிடிக்கிற பிள்ளைக்கும் இதற்கும் ஒரு பொதுவான வித்தியாசம் உண்டு. அடம் பிடிப்பது ருசியை வைத்து இருக்கும். ஈஓஈ உள்ள பிள்ளை பெரும்பாலும் பதத்தை வைத்து ஒதுக்கும்: உலர்ந்தது, நாராக இருப்பது, கட்டியாக இருப்பது வேண்டாம், குழைந்தது, திரவமாக இருப்பது போதும். இது முழு நிச்சயமான அளவுகோல் இல்லை, ஆனால் டாக்டருக்கு உதவும் தகவல்.

4. எங்க குடும்பத்துல யாருக்கும் இல்லையே, இவனுக்கு மட்டும் ஏன்? நான் கர்ப்பத்துல ஏதாவது தப்பா சாப்பிட்டேனா?

இல்லை. நீங்கள் சாப்பிட்டதால் வந்தது இல்லை. இந்தக் கேள்வியை என்னிடம் கேட்பது பெரும்பாலும் அம்மாக்கள்தான். அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

மரபணுவுக்குப் பங்கு உண்டு. ஆண் பிள்ளைகளுக்கு, பெண் பிள்ளைகளைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் வருகிறது. ஆஸ்துமா, எக்ஸிமா (அரிப்போடு வரும் தோல் அழற்சி), மூக்கு அலர்ஜி, உணவு அலர்ஜி உள்ள பிள்ளைகளிடமும் குடும்பங்களிலும் அதிகம் காணப்படுகிறது. 'யாருக்கும் இல்லை' என்று சொல்லும் வீட்டில் கொஞ்சம் விசாரித்தால், இறைச்சி தொண்டையில் அடைக்கிறது என்று பல வருடமாகத் தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிடும் மாமாவோ அப்பாவோ இருப்பதுண்டு. அவரையும் ஒரு தடவை பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

5. ரத்தத்துல பார்த்துச் சொல்ல முடியாதா? சின்னப் பிள்ளைக்கு எண்டோஸ்கோப்பி அவசியமா?

அவசியம்தான். நோயை உறுதி செய்ய, சவ்விலிருந்து எடுத்த திசுத் துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்து, ஒரு பார்வைப் புலத்தில் 15 அல்லது அதற்கு மேல் இயோசினோஃபில்கள் இருக்கின்றனவா என்று எண்ண வேண்டும். ரத்தத்தில் இந்த அணுக்கள் கூடியிருக்கலாம், கூடாமலும் இருக்கலாம். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சில பிள்ளைகளுக்கு ஸ்கேனும் பேரியம் எக்ஸ்ரேயும் எடுப்பார்கள். குழாய் குறுகியிருக்கிறதா என்று அறிய அது உதவும், ஈஓஈ-தானா என்று சொல்ல உதவாது.

மயக்கம் கொடுத்துத்தான் செய்வார்கள். அதற்கு முன்பு சில மணி நேரம் வெறும் வயிறு. வேலை முடிவது நிமிடக் கணக்கில். எழுந்ததும் தொண்டை லேசாகக் கரகரக்கலாம். பெரும்பாலான பிள்ளைகள் அன்றே வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

6. உள்ளே பார்க்க எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு சொன்னாங்க. அப்புறம் எதுக்கு ஆறு இடத்துல சதை எடுத்தாங்க?

கண்ணுக்கு நல்லதாகத் தெரியும் உணவுக்குழாயிலும் ஈஓஈ இருக்கலாம், குழந்தைகளுக்குக் குறிப்பாக. பலருக்கு நெடுக்காக வரிக்கோடுகள், வெள்ளைப் புள்ளிகள், வீக்கம், வளையங்கள் என்று அடையாளம் தெரியும். சிலருக்கு எதுவுமே தெரியாது. தவிர, அழற்சி குழாய் முழுக்க ஒரே சீராக இருப்பதில்லை, திட்டுத்திட்டாக இருக்கும். ஒரே ஒரு துணுக்கு எடுத்தால் நல்ல இடத்தில் எடுத்துவிட்டு 'நோய் இல்லை' என்று சொல்லிவிடும் ஆபத்து உண்டு. அதனால்தான் குறைந்தது இரண்டு மட்டங்களிலிருந்து, மொத்தம் ஆறு துணுக்காவது எடுக்க வேண்டும் என்பது நடைமுறை. 'சதை' என்று கேட்கும்போது பெரிதாகத் தோன்றும். ஒவ்வொன்றும் ஓரிரு மில்லிமீட்டர்தான். அந்த இடம் தானே ஆறிவிடும்.

7. தோல்ல குத்திப் பார்க்கிற அலர்ஜி டெஸ்ட்ல பால் நெகட்டிவ். அப்போ பால் கொடுக்கலாம்ல?

அந்த முடிவை வைத்துக் கொடுக்கக் கூடாது. தோல் பரிசோதனையும் அலர்ஜி ரத்தப் பரிசோதனையும் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைத் தேடுகின்றன. சில நிமிடங்களில் தடிப்பும் மூச்சுத்திணறலும் வருகிற அலர்ஜிக்கு அது பயன்படும். ஈஓஈ-யில் முக்கியமாக வேலை செய்வது வேறு பாதை. பாலுக்கு டெஸ்ட் நெகட்டிவ் என்று வந்த பிள்ளைக்குப் பாலை நிறுத்தியதும் உணவுக்குழாய் ஆறிவிடுவது சாதாரணமாக நடப்பதுதான்.

மறுபக்கமும் உண்டு. டெஸ்டில் பத்து உணவு பாசிட்டிவ் என்று பட்டியலோடு வருபவர்கள் பத்தையும் நிறுத்திவிடுகிறார்கள். பிள்ளை இளைத்துப் போகிறது. அழற்சி அப்படியே இருக்கிறது. எந்த உணவு காரணம் என்று அறிய இன்றைக்கு உள்ள நம்பகமான வழி ஒன்றுதான்: நிறுத்திப் பார்த்து, திரும்பக் கொடுத்துப் பார்த்து, ஒவ்வொரு முறையும் சவ்வைச் சோதிப்பது.

8. மருந்தா, பத்தியமா? எது நல்லது?

மூன்று வழிகளில் ஒன்றில் ஆரம்பிப்பார்கள்: அமில மருந்து, விழுங்கும் ஸ்டீராய்டு, உணவு நீக்கம். எல்லாருக்கும் பொருந்துவது என்று ஒன்று இல்லை. என் கருத்தைக் கேட்டால், அந்த வீட்டால் ஆறு மாதம் விடாமல் செய்ய முடிந்ததே அந்தப் பிள்ளைக்கு நல்ல சிகிச்சை. அம்மா, அப்பா இருவரும் வேலைக்குப் போய், பிள்ளை மூன்று இடங்களில் சாப்பிடுகிறது என்றால் கடுமையான பத்தியம் வாரத்தில் நாலு தடவை உடையும். உடைந்த பத்தியம் பயனில்லை. எடை மட்டும்தான் குறையும். ஏற்கெனவே எடை போதாத பிள்ளைக்கும், சாப்பாட்டைப் பார்த்தே அஞ்சும் பிள்ளைக்கும் மருந்தில் ஆரம்பிப்பதே மேல் என்று நினைக்கிறேன். தினமும் மருந்து வேண்டாம், காரணத்தைக் கண்டுபிடித்து விலக்கிவிடலாம் என்று உறுதியாக இருக்கிற குடும்பத்துக்கு உணவு வழி நன்றாக வேலை செய்கிறது. எதை எடுத்தாலும் 15-ஆம் கேள்வியில் சொல்லும் மறுசோதனை உண்டு.

9. ஸ்டீராய்டுன்னாலே பயமா இருக்கு. வளர்த்தி நின்னுடாதா?

உடம்பு முழுக்கப் போகும் ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் கொடுத்தால் அந்தப் பயம் நியாயம். இங்கே கொடுப்பது ஃப்ளூட்டிகசோன் அல்லது பூடசோனைடு. இவை உணவுக்குழாயின் மேல் படிந்து அந்த இடத்தில் வேலை செய்கின்றன. விழுங்கிய மீதி குடலில் உறிஞ்சப்பட்டாலும், பெரும்பகுதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே சிதைத்துவிடும்.

பக்கவிளைவே இல்லை என்று சொல்லமாட்டேன். வாயிலும் உணவுக்குழாயிலும் வெள்ளைப் பூஞ்சை படியலாம். அதற்கு மருந்து உண்டு. சிறு எண்ணிக்கையிலான பிள்ளைகளுக்கு, உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் அட்ரினல் சுரப்பி மந்தமாகலாம். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர், மூக்குக்கு ஸ்ப்ரே, தோலுக்குக் களிம்பு என்று ஸ்டீராய்டு வேறு வழிகளிலும் போய்க்கொண்டிருந்தால் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். தனித்தனி டாக்டர்கள் எழுதிக்கொடுத்ததை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. உயரமும் எடையும் ஒவ்வொரு தடவையும் வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும். காரணமில்லாத அசதி, தலைசுற்றல் இருந்தால் சொல்லுங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். சிகிச்சை இல்லாமல் சரியாகச் சாப்பிட முடியாத பிள்ளையின் வளர்த்தியும் நிற்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

10. மூச்சுக்கு இழுக்கிற இன்ஹேலரை ஏன் விழுங்கச் சொல்றாங்க? மருந்துக் கடையில தப்புன்னு சொல்றாங்க.

தப்பில்லை. அதே மருந்து, போக வேண்டிய இடம் மட்டும் வேறு. ஆஸ்துமாவுக்கு நுரையீரலுக்குப் போக வேண்டும், அதனால் ஸ்பேசர் என்ற இடைக்குழாயை இன்ஹேலரில் மாட்டி இழுப்பார்கள். இங்கே ஸ்பேசர் கூடாது. பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு, இன்ஹேலரின் முனையைச் சுற்றி உதட்டை மூடி, வாய்க்குள் அடிக்க வேண்டும். இழுக்காமல் விழுங்க வேண்டும். இது சிறு பிள்ளைகளுக்குக் கஷ்டம். அவர்களுக்கு நெபுலைசரில் ஊற்றும் பூடசோனைடு திரவத்தை, சுக்ரலோஸ் போன்ற இனிப்புத் தூளோடு கலந்து கெட்டியாக்கித் தருவார்கள். தேனும் பயன்படும், ஆனால் ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடவே கூடாது.

பதம் முக்கியம். கரண்டியைச் சாய்த்தால் தண்ணீர் போல ஓடக் கூடாது, மெதுவாக இறங்க வேண்டும். அப்போதுதான் குழாயில் ஒட்டி நிற்கும். மொத்தமும் ஓரிரு தேக்கரண்டிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அரைக் கிளாஸ் ஆக்கினால் பிள்ளை முடிக்காது. கொடுத்த பிறகு அரை மணி நேரம் எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, அப்புறம் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். 'மருந்து வேலை செய்யலை' என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, மருந்து கொடுத்த கையோடு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தீர்களா என்பதுதான். கழுவிக்கொண்டு போய்விட்டால் மருந்து வயிற்றில் இருக்கும், வேண்டிய இடத்தில் இருக்காது.

11. ஆறு உணவையும் நிறுத்தினா பிள்ளை என்னதான் சாப்பிடும்?

ஆறு என்பது பால், கோதுமை, முட்டை, சோயா, கடலை மற்றும் கொட்டை வகைகள், மீன் மற்றும் ஓட்டு மீன்கள். இவற்றை நீக்கினால் ஏறக்குறைய 70 சதவீதம் பேருக்கு அழற்சி அடங்குகிறது. அமினோ அமில ஃபார்முலா மட்டும் என்றால் 90 சதவீதத்தைத் தொடும். ஆனால் ருசி மோசம், சில பிள்ளைகளுக்கு மூக்கு வழியாகக் குழாய் வைத்தே கொடுக்க வேண்டியிருக்கும், சிறு குழந்தைகள் மெல்லக் கற்றுக்கொள்ளும் பருவத்தைத் தவறவிடவும் கூடும். அதனால் அது முதல் வழி இல்லை.

இப்போது பல இடங்களில் கீழிருந்து மேலே போகிறார்கள்: முதலில் பாலை மட்டும் நிறுத்திப் பார்ப்பது. குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது. அடங்காவிட்டால் அடுத்து கோதுமை, அதன் பின் முட்டையும் சோயாவும். நானும் இதையே விரும்புகிறேன். ஆறையும் ஒரே நாளில் நிறுத்தினால் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்துச் சோதிக்கவே ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிடும். பிள்ளை அத்தனை எண்டோஸ்கோப்பியையும் தாங்க வேண்டும்.

எதை எடுத்தாலும் அதற்கு ஈடு வைக்க வேண்டும். பால் போனால் கால்சியம், வைட்டமின் டி, புரதம், கொழுப்பு நாலும் போகின்றன. அரிசிப் பாலும் தேங்காய்ப் பாலும் வெள்ளையாக இருப்பதால் பாலுக்கு ஈடாகிவிடாது. புரதம் மிகக் குறைவு. அரிசி, சிறுதானியம், இறைச்சி, காய், பழம், உருளைக்கிழங்கு, எண்ணெய் எல்லாம் இன்னும் கைவசம் இருக்கின்றன. முதல் நாளே ஒரு வாரச் சாப்பாட்டை எழுதிக்கொண்டு ஆரம்பியுங்கள்.

12. லாக்டோஸ் இல்லாத பால், ஆட்டுப் பால் கொடுக்கலாமா?

இரண்டும் வேண்டாம். லாக்டோஸ் என்பது சர்க்கரை. இங்கே பிரச்சினை புரதம். லாக்டோஸை எடுத்த பாலிலும் புரதம் அப்படியே இருக்கும். ஆட்டுப் பாலின் புரதமும் பசும்பாலின் புரதமும் மிக நெருங்கியவை.

13. பிஸ்கட்ல இருக்கிற கொஞ்சூண்டு பால் கூடவா ஆகாது?

சோதனைக் காலத்தில் ஆகாது. லேபிளில் கேசின், வே, பால் திடப்பொருள், பால் பவுடர் என்று எது இருந்தாலும் அது பால்தான். 'கொஞ்சம்' தினமும் போனால், மறுசோதனையில் அணுக்கள் குறையாமல் இருக்கும். பால் காரணம் இல்லையா, பத்தியம் உடைந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த எண்டோஸ்கோப்பியே வீணாகிவிடும். சவ்வு ஆறிய பிறகு, நன்கு வெந்த பண்டத்தில் உள்ள பாலைச் சில பிள்ளைகள் தாங்குகிறார்கள். அதையும் டாக்டரோடு பேசி, சோதித்துத்தான் அனுமதிக்க வேண்டும்.

14. தொண்டையில சாப்பாடு சிக்கிக்கிட்டா என்ன பண்றது?

முதலில் மூச்சைப் பாருங்கள். பேச முடியவில்லை, மூச்சு வரவில்லை, முகம் நீலமாகிறது என்றால் அது மூச்சுக்குழாயில் அடைப்பு. முதுகில் தட்டுவது, வயிற்றை அழுத்துவது போன்ற முதலுதவியும் ஆம்புலன்ஸும் உடனே வேண்டும். பேசுகிறது, மூச்சு விடுகிறது, ஆனால் நெஞ்சில் அடைக்கிறது என்கிறது என்றால் உணவுக்குழாயில் சிக்கியிருக்கிறது. நிமிர்ந்து உட்கார வையுங்கள். மேலும் சாப்பாட்டை உருட்டிக் கொடுத்துத் தள்ளப் பார்க்காதீர்கள், தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வாயில் வழிந்தால் நேரம் கடத்தாமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். எச்சில் இறங்கினாலும் அடைப்பு விலகவில்லை என்றால் போகத்தான் வேண்டும். சின்னப் பிள்ளை எதை விழுங்கியது என்று நீங்கள் பார்க்கவில்லை என்றால், பட்டன் பேட்டரியாக இருக்கலாம் என்பதையும் அங்கே சொல்லுங்கள். அது சில மணி நேரத்திலேயே குழாயை அரித்துவிடும்.

இன்னொன்று. சிக்கியதை எண்டோஸ்கோப்பியில் எடுக்கும்போதே திசுத் துணுக்கும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பல இடங்களில் எடுத்துவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். 'அவசரமாகச் சாப்பிட்டான், சிக்கிக்கொண்டது' என்று விட்டுவிட்டால், அடுத்த அடைப்பு வரும்வரை நோய் தெரியாமலே போகும். பதின்வயதுப் பிள்ளைக்குச் சாப்பாடு அடைத்துக்கொண்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஈஓஈ.

15. இப்போ நல்லா சாப்பிடுறான், வாந்தி நின்னுடுச்சு. திரும்ப எண்டோஸ்கோப்பி எதுக்கு?

இந்தத் தொகுப்பில் நீங்கள் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படிக்கச் சொல்வேன். ஈஓஈ-யில் தொந்தரவும் அழற்சியும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்குவதில்லை. தொந்தரவு போய், அணுக்கள் அப்படியே இருக்கலாம். 3-ஆம் கேள்வியில் சொன்ன தண்ணீர், ஊறவைத்தல், மெல்லுதல் எல்லாம் தொந்தரவை மறைக்கும் வேலையைத்தான் செய்கின்றன. சமாளிக்கத் தெரிந்த பிள்ளை 'நல்லா இருக்கேன்' என்று சொல்லும், நாமும் நம்புவோம், உள்ளே குழாய் மெல்லத் தடித்துக்கொண்டே போகும்.

அதனால் சிகிச்சையைத் தொடங்கியோ மாற்றியோ 8 முதல் 12 வாரத்தில் சவ்வைப் பார்க்க வேண்டும். எண்ணிக்கை 15-க்குக் கீழே இறங்கியிருக்கிறதா என்பதே கேள்வி. மயக்கமில்லாமல் மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுப் பார்க்கும் முறையும், நூல் கட்டிய மாத்திரையை விழுங்க வைத்து ஒரு மணி நேரம் கழித்து வெளியே இழுத்து அதில் ஒட்டியதைச் சோதிக்கும் முறையும் சில மருத்துவமனைகளில் வந்திருக்கின்றன. சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கு அது கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

16. நிறுத்தின உணவை எப்படித் திரும்பக் கொடுக்கிறது? கொஞ்சம் கொடுத்துப் பார்த்தேன், ஒண்ணும் ஆகலை.

ஒன்றும் ஆகாதது போலத்தான் இருக்கும். அதற்கான காரணம் 1-ஆம், 15-ஆம் பதில்களில் இருக்கிறது. முறையாகச் செய்வது இப்படி: ஒரு நேரத்தில் ஒரே உணவு, வழக்கமான அளவில், தினமும், சில வாரங்கள், அப்புறம் சவ்வுச் சோதனை. நன்றாக இருந்தால் அந்த உணவு நிரந்தரமாகத் திரும்பி வருகிறது. அடுத்ததற்குப் போகலாம்.

ஒரு எச்சரிக்கை. பிள்ளைக்கு எக்ஸிமாவோ, அந்த உணவுக்கு ஐஜிஇ பாசிட்டிவோ இருந்து, மாதக்கணக்கில் அதை விலக்கியிருந்தால், திரும்பக் கொடுக்கும்போது உடனடி அலர்ஜி வரலாம். முன்பு சாதாரணமாகக் குடித்த பாலுக்கே தடிப்பும் மூச்சுத்திணறலும் வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்கு முதல் வேளையை வீட்டில் கொடுக்காமல், அலர்ஜி டாக்டரின் கண்காணிப்பில் கொடுங்கள்.

17. புதுசா ஊசி வந்திருக்காமே?

டுபிலுமாப். இந்த அழற்சியை நடத்தும் இன்டர்லூகின் 4, 13 ஆகிய இரண்டு சமிக்ஞைப் புரதங்களின் வேலையைத் தடுக்கிறது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2022 மே மாதம் இதை 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் ஈஓஈ-க்கு அனுமதித்தது. 2024 ஜனவரியில், 15 கிலோவாவது எடையுள்ள 1 வயதுக் குழந்தை வரை நீட்டித்தது. தோலுக்கடியில் போடும் ஊசி, தொடர்ந்து போட வேண்டும். மற்ற சிகிச்சைகளுக்கு அடங்காத பிள்ளைக்கும், கூடவே கடுமையான எக்ஸிமாவோ ஆஸ்துமாவோ இருக்கிற பிள்ளைக்கும் நல்ல வழி. இதைப் போடும் காலத்தில் உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளைத் தவிர்ப்பார்கள். தடுப்பூசி அட்டையை முதலிலேயே காட்டுங்கள்.

18. வளர வளரச் சரியாகிடுமா? கேன்சர்ல கொண்டுபோய் விட்டுடுமா?

புற்றுநோயாக மாறும் என்பதற்குச் சான்று இல்லை. அந்தப் பயத்தை விட்டுவிடலாம்.

தானாகச் சரியாவது அரிது. சிகிச்சையை நிறுத்தினால் பெரும்பாலானோருக்கு அழற்சி திரும்புகிறது. இதைக் கேட்டதும் பெற்றோரின் முகம் வாடிவிடும். ஆனாலும் நான் மாற்றிச் சொல்வதில்லை. கட்டுப்பாட்டில் இருக்கும் பிள்ளை மற்ற பிள்ளைகள் போலவே சாப்பிட்டு, வளர்ந்து, ஓடியாடும். டாக்டர் மருந்தின் அளவைப் படிப்படியாகக் குறைத்துப் பார்ப்பார். பல வருடம் கவனிக்காமல் விட்டுக் குழாய் குறுகிவிட்டால் பலூன் வைத்து விரிக்க வேண்டி வரலாம். அதன் பின் ஓரிரு நாள் நெஞ்சு வலிக்கும். குழாய் கிழிவது மிக அரிது. ஆனால் விரித்தால் வழி பெரிதாகுமே தவிர அழற்சி போகாது, மருந்தோ பத்தியமோ தொடர வேண்டும்.

19. வேர்க்கடலை அலர்ஜிக்குத் துளித்துளியா கொடுத்துப் பழக்குற சிகிச்சை நடக்குது. இப்போ வயிற்று வலி, வாந்தி. சம்பந்தம் இருக்குமா?

இருக்கலாம். உணவைச் சிறுகச் சிறுகக் கொடுத்துப் பழக்கும் சிகிச்சையில் ஒரு சிறு பகுதியினருக்கு ஈஓஈ தோன்றுகிறது. அளவைக் கூட்டாமல், அந்தச் சிகிச்சை தரும் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். நிறுத்தினால் பலருக்கு அடங்கிவிடுகிறது. ஏற்கெனவே ஈஓஈ உள்ள பிள்ளைக்கு இந்தச் சிகிச்சையைப் பொதுவாகத் தொடங்குவதில்லை.

20. பூக்கள் பூக்குற காலத்துல மட்டும் அதிகமாகுது. அப்போ உணவு காரணம் இல்லையா?

சில பிள்ளைகளுக்கு மகரந்தம் போன்ற காற்றில் வரும் அலர்ஜிப் பொருட்களும் ஈஓஈ-யைக் கிளப்புகின்றன. உணவும் சேர்ந்தே காரணமாக இருக்கலாம். இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது: அந்தப் பருவத்தில் ஓர் உணவைத் திரும்பக் கொடுத்துச் சோதித்தால், ஏறிய எண்ணிக்கைக்கு உணவு காரணமா, மகரந்தமா என்று பிரிக்க முடியாது. மூக்கு ஒழுகும் மாதங்களைக் குறித்து வைத்து, சோதனைத் தேதியை அதற்கு வெளியே கேளுங்கள்.

21. ரிப்போர்ட்ல எல்லாம் சரியாயிடுச்சு. ஆனாலும் இறைச்சி, ரொட்டின்னா பயப்படுறா. மூணு வருஷமா இப்படியே. இது நோயா, மனசா?

பழக்கம். மூன்று வருடம் ஒவ்வொரு வாயும் வலித்தது. சவ்வு பன்னிரண்டு வாரத்தில் ஆறிவிட்டது என்று அவளுக்கு யார் சொல்வது? முதலில் குழாய் குறுகவில்லை என்று டாக்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். சில சமயம் ரிப்போர்ட்டில் அணு எண்ணிக்கை சரியாக இருந்தும் குழாய் விறைப்பாகவே இருக்கும்; அப்போது அவள் சொல்வது உண்மை. அது இல்லை என்று தெரிந்தால், உணவூட்டல் பயிற்சி தரும் பேச்சுப் பயிற்சியாளரையோ தொழில்வழிச் சிகிச்சையாளரையோ பாருங்கள். தேவைப்பட்டால் குழந்தை உளவியலாளரையும் பாருங்கள்.

வீட்டில் அதட்டல் வேண்டாம், 'இன்னும் ஒரு வாய்' பேரமும் வேண்டாம். அவள் நம்பிச் சாப்பிடும் உணவை எப்போதும் தட்டில் வையுங்கள். பக்கத்தில் விரல்நகம் அளவு ரொட்டி, எண்ணெயோ குழம்போ தொட்டு மென்மையாக்கியது. தொடுவதும், முகர்வதும், நக்கிப் பார்ப்பதும், மென்று துப்புவதும் எல்லாமே முன்னேற்றம்தான். தண்ணீர் டம்ளரைப் பிடுங்காதீர்கள். அவளாக எத்தனை வாய்க்கு ஒரு தடவை குடிக்கிறாள் என்று மட்டும் கவனித்து வாருங்கள். அந்த இடைவெளி கூடினால் அடுத்த தடவை வரும்போது எங்களிடம் சொல்லுங்கள். அவளுக்கு முன்னாலேயே சொல்லுங்கள்.